நாய் விடுதியில் குடியேறிய எங்கள் இணையதளம்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். தில்லியில் நல்ல குளிர்காலம். துவாரகாவில் எங்கள் வீட்டு பால்கனியில் நின்றால், எதிர்க் கட்டடம் அங்கேயே இருக்கிறதா, யாராவது பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மூட்டம். அந்த மூட்டத்தைப் பார்த்தபடி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ‘ஹோஸ்டிங்’ என்றால் என்ன என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். நர்ஸ் படிப்பு முடித்த கையோடு தில்லிக்கு வந்தவள். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்து, முதுகுவலி தாங்காமல் விட்டுவிட்டேன். கணவருக்கு விமான நிலையத்தில் பயணிகளின் சாமான்களைக் கையாளும் பிரிவில் ஷிப்ட் வேலை. என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்த மதுரைக்காரத் தோழி ஒருத்தி கிட்வாய் நகரில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறாள். அவளும் வேலையை விட்டிருந்தாள். இரண்டு பேரும் போனில் பேசிப் பேசியே ஒரு திட்டம் போட்டோம்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் தினமும் பார்த்த காட்சிதான் அந்தத் திட்டத்துக்குக் காரணம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். வயதானவர்கள் கையில் கனமான ஃபைலோடு, எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் தனியாக அலைவார்கள். டாக்டர் சொல்வது பாதி காதில் விழாது. விழுந்த பாதியும் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும். அவர்களை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய், டாக்டர் முன்னால் கூடவே உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, மருந்தை விளக்கி, பிள்ளைகளிடம் போனில் சொல்லி, திரும்ப வீட்டில் கொண்டு விடுவது. இதைத்தான் நாங்கள் செய்யலாம் என்று நினைத்தோம். செய்யத் தெரியும் என்ற தைரியம் இருந்தது. ஆனால் எங்களைத் தேட வேண்டியவர்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அல்லவா இருக்கிறார்கள்! அவர்கள் கண்ணில் பட வேண்டுமானால் ஒரு இணையதளம் வேண்டும்.

தளத்தை உருவாக்குவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, பக்கங்களை நானே ஒருவழியாக அமைத்துவிட்டேன். அதை எங்கே வைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். தளத்தின் பெயர் வீட்டு விலாசம் மாதிரி, ஹோஸ்டிங் என்பது அந்த வீட்டுக்கு நாம் கொடுக்கும் வாடகை மாதிரி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். தில்லியில் வாடகை வீடு தேடிய அனுபவம் எனக்கு நிறையவே உண்டு. அதனாலேயே பயம் இன்னும் கூடியது.

எங்கே பார்த்தாலும் விளம்பரம். எல்லாமே ‘அளவில்லாத இடம்’, ‘அளவில்லாத வேகம்’. கீழே பொடி எழுத்தில் பார்த்தால் அந்த அளவில்லாததற்கு ஒரு அளவு போட்டிருப்பார்கள். முதல் வருடம் ஒரு விலை, அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது அதைப் போல மூன்று மடங்கு. இது வேண்டுமா, அது வேண்டுமா என்று கேட்காமலே சில கட்டங்களில் டிக் போட்டு வைத்திருப்பார்கள். கவனிக்காவிட்டால் அதற்கும் சேர்த்துப் பணம் போய்விடும்.

வீட்டில் இதைப் பற்றி ஒரு மாநாடே நடந்தது.

“நமக்கு என்னத்துக்கு அவ்வளவு பெருசு? இருக்கதுல வெல கொறஞ்சத எடு, கேட்டியா?” என்றார் கணவர்.

தோழி போனிலேயே அதை மறுத்தாள். “அண்ணன் சொல்றதக் கேக்காதீங்கக்கா. பேரு தெரிஞ்ச பெரிய கம்பெனியாப் பாருங்க. நாளைக்கு அது நின்னுபோச்சுன்னா நம்ம பேருல்ல கெட்டுப்போகும்.”

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது. அதனால் ஒரு சோதனை வைத்தேன். மலிவான நாலைந்து கம்பெனிகளுக்கு அவர்கள் தளத்தில் இருக்கும் அரட்டைப் பெட்டியில் ஒரே கேள்வியை எழுதினேன். ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தளம் நின்றுபோனால் நான் யாரிடம் சொல்வது?’ ஒரு கம்பெனி ‘அருமையான கேள்வி’ என்று சொல்லிவிட்டு தள்ளுபடி கூப்பன் அனுப்பியது. இன்னொன்று படிக்கச் சொல்லி நீளமான கட்டுரை ஒன்றைக் கொடுத்தது. ஒரே ஒரு கம்பெனியில் மட்டும், நான் ‘மனிதர் வேண்டும்’ என்று திரும்பத் திரும்பத் தட்டிய பிறகு, உண்மையிலேயே ஒரு மனிதர் வந்து, ‘ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் இருப்போம் மேடம், கொஞ்சம் தாமதமாகலாம்’ என்று எழுதினார். அந்தத் ‘தாமதமாகலாம்’ எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்கிறவன் அதை எழுத மாட்டான்.

ஆனால் அதே கம்பெனியைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்தால் தலை சுற்றியது. ஒருவர் தெய்வம் என்கிறார். அடுத்தவர் திருடர்கள் என்கிறார். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் நான் கண்ட ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள யாரும் வாசலில் இருக்கும் போர்டைப் படிக்க மாட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கேட்பார்கள். நானும் அந்தக் கம்பெனியில் குடியிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால் என்ன?

சில தளங்களின் அடியில் யாருடைய ஹோஸ்டிங் என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். அப்படித் தேடியதில் தில்லியிலேயே ஒன்று கிடைத்தது. ஜனக்புரி பக்கம் ஒரு நாய் விடுதி. ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாயை விட்டுவிட்டுப் போகலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதி, கீழே போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். எனக்கு நாய் என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். போனில் கடிக்காது அல்லவா என்று என்னையே தேற்றிக்கொண்டு நம்பரை அழுத்தினேன்.

எடுத்தவர் ஒரு அம்மா. பின்னால் ஏகப்பட்ட குரைப்பு. இந்தியில் நான் விஷயத்தைச் சொன்னேன். “நாயை விட வேண்டுமா?” என்றார். “இல்லை, உங்கள் ஹோஸ்டிங் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்” என்றேன். “என்ன, ஹோஸ்டிங்கா?” என்று குரைப்பை மீறிக் கத்தினார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு வெட்கமாகிவிட்டது. “இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. போனில் ஒன்றும் காதில் விழவில்லை. சலோ, வீட்டுக்கு வந்துவிடுங்கள். சாய் குடித்துக்கொண்டே சொல்கிறேன்” என்றார்.

முன்பின் தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போகப் பயந்து, லீவு நாளில் கணவரையும் இழுத்துக்கொண்டு மெட்ரோவில் போனேன். தரைத்தள வீடு, முன்னால் சின்னத் தோட்டம். கதவு திறந்ததும் ஏழெட்டு நாய்கள் வந்து மோப்பம் பிடித்தன. நான் கணவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அவரோ உட்கார்ந்து அவற்றின் காதைச் சொறிய ஆரம்பித்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்கு நாய் பிடிக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பஞ்சாபி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு தனிமை போக்க ஒரு நாய் வளர்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது அவர்களுடையதையும் விட்டுப்போக, அப்படியே விடுதியாகிவிட்டது. ஆட்களின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. நாயின் பெயரைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவருடைய சொந்த நாயின் பெயர் லட்டு. உருண்டையாக, காது தொங்கிப்போய், என் செருப்பின் மேலேயே படுத்துக்கொண்டது.

இஞ்சி தட்டிப் போட்ட சாயைக் கொடுத்துவிட்டு, தீதி — இந்தியில் அக்கா, அவரை அப்படித்தான் கூப்பிட்டேன் — தன் லேப்டாப்பைத் திறந்து, இந்தியில் ஒன்றுவிடாமல் விளக்கிக் காட்டினார்.

“சஸ்தா, விலை கம்மி, ஓகேவா இருக்கு. ஆனா சில விஷயம் தெரிஞ்சுக்கணும். மூணு வருஷத்துக்குச் சேத்துக் கட்டச் சொல்வாங்க. கட்டாதீங்க. முதல்ல ஒரு வருஷம் இருந்து பாருங்க. தளத்தோட பேரை வேற கம்பெனியில வாங்கி வைங்க, சண்டை வந்தா பேரைத் தூக்கிட்டு வெளிய வந்துடலாம். தினமும் பிரதி எடுத்து வைக்கிறோம்னு சொல்வாங்க, ஆனா நீங்க திருப்பிக் கேக்கும்போது அதுக்குத் தனியா காசுன்னு சொல்வாங்க. அதனால மாசம் ஒரு தடவை நீங்களே இறக்கி வச்சுக்கோங்க.”

தீபாவளி சமயத்தில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பும்போது, ஒரே நேரத்தில் நிறையப் பேர் பார்த்ததால் அவருடைய தளம் ஒருநாள் படுத்துவிட்டதாம். “எனக்கு நஷ்டமில்லை. நாய்கள் வெப்சைட் படிக்காது. ஜனங்க போன் பண்ணிட்டாங்க. உங்க வேலை என்ன? ஒரு மணி நேரம் நின்னுபோனா உயிர் போற வேலையா? அதைச் சொல்லுங்க, அப்புறம் இது போதுமா போதாதான்னு நான் சொல்றேன்” என்றார்.

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. எந்தக் கம்பெனி நல்லது என்றே தேடிக்கொண்டிருந்தேனே தவிர, எனக்கு என்ன வேண்டும் என்று நான் யோசிக்கவேயில்லை. எங்கள் திட்டத்தை விவரமாகச் சொன்னேன். முதியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, டாக்டரிடம் பேசுவது, திரும்பக் கொண்டு விடுவது எல்லாம்.

தீதி லட்டுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தடவிக் கொடுத்தபடி இருந்தார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று நான் கணவரைப் பார்த்தேன்.

“சிஸ்டர், எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. போன குளிர்காலமே ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்க. மகன் டொரொண்டோவில இருக்கான். அவனுக்கு லீவு கிடைக்காது. கூட யாராவது வரணும்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. யாரைக் கூப்பிடறது? நான் போயிட்டா இதுகளை யாரு பாப்பா? அடுத்த குளிர்காலம், அடுத்த குளிர்காலம்னு தள்ளிட்டே இருக்கேன்.”

லேப்டாப்பை அவர் முகத்துக்கு மிக நெருக்கமாக வைத்துக்கொண்டு படித்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருட நர்ஸ், முதல் பார்வையிலேயே கவனித்திருக்க வேண்டும். நாய்ப் பயத்தில் கவனிக்கவில்லை.

“நான் வரேன் தீதி” என்று சொல்லிவிட்டேன்.

“இதுகளை நான் பாத்துக்கிடுதேன்” என்று தமிழிலேயே சொன்னார் கணவர். தீதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கணவர் நாய்களைக் காட்டிய விதத்தில் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார்.

ஹோஸ்டிங் பற்றி விசாரிக்கப் போன நாங்கள், தளமே திறக்காமல், முதல் வாடிக்கையாளரோடு திரும்பி வந்தோம். தோழியிடம் சொன்னதும், “அப்ப வெப்சைட்டே வேணாம்போலயேக்கா, இப்படியே ஒவ்வொரு வீடா சாயா குடிச்சுட்டு வாங்க” என்று கேலி செய்தாள்.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் அன்று நான் தீதியோடு கண் ஆஸ்பத்திரியில். கணவரும் தோழியும் ஜனக்புரியில். தீதியை உள்ளே கூட்டிப்போன சிறிது நேரத்தில் கணவர் போன் செய்தார்.

“மத்ததெல்லாம் தின்னாச்சு. இந்த லட்டு மட்டும் சாப்பிட மாட்டேங்கு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு கெடக்கு பாத்துக்கோ. என்ன செய்யதுன்னு தெரியல்ல.”

“சோத்துல முட்டைய அவிச்சுப் பிசைஞ்சு குடுத்துப் பாருங்க.”

“அதெல்லாம் குடுத்தாச்சு. பாட்டும் பாடிப் பாத்தாச்சு.”

என்ன பாட்டு என்று கேட்டேன். சர்ச்சில் பாடுகிற பாட்டாம். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்கள் நல்ல செய்தி போலிருக்கிறது என்று எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள். பாட்டு முடிந்ததும் லட்டு சாப்பிட்டுவிட்டது என்று பிறகு தோழி சொன்னாள். பாட்டை நிறுத்தினால் போதும் என்று சாப்பிட்டதா, பிடித்துப்போய்ச் சாப்பிட்டதா என்பதில் அவர்கள் இருவருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் லட்டு ஓடி வந்தது. தீதி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆபரேஷன் ஆகாத கண்ணை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார்.

“அரே! இது வெள்ளை நாயா?”

புரை இருந்தால் எல்லாமே பழுப்பாகத்தான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அது தெரியவும் தெரியாது. மங்கலான மஞ்சள் நாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது பளிச்சென்ற வெள்ளையாக நின்றது. பிறகு என் புடவையின் நீலத்தைத் தொட்டுப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கிச்சனுக்குப் போய்த் தக்காளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். நர்ஸாக இருந்தபோது எத்தனையோ பேருக்குக் கட்டுப் பிரித்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய் எதைப் பார்ப்பார்கள் என்று நான் பார்த்ததேயில்லை. அன்றுதான் பார்த்தேன்.

அன்றே தீதி ஒரு யோசனை சொன்னார். அவர் வாங்கியிருந்த திட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களை வைத்துக்கொள்ளலாம். “இடம் சும்மாதான் கிடக்கு. இப்போதைக்கு என்னுதுல வச்சுக்கோங்க. நாலு ஆளுங்க வர ஆரம்பிச்சதும் உங்களுக்குன்னு தனியா வாங்குங்க” என்றார். எவ்வளவோ மறுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. இப்படியாக எங்கள் இணையதளம் ஒரு நாய் விடுதியில் குடியேறியது.

பெயரை மட்டும் தீதி சொன்னபடி தனியாக வாங்கிக்கொண்டேன். அதை அவருடைய ஹோஸ்டிங்கோடு இணைத்து, என் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். எங்கள் பக்கம் அழகாக வந்தது. தோழியும் அவள் போனில் திறந்து பார்த்தாள், வந்தது. எங்களோடு வேலை பார்த்த நர்ஸ்களின் வாட்ஸாப் குழுக்கள், சர்ச் குழு, முன்பு சரோஜினி நகர் குடியிருப்பில் தோழியோடு ஒன்றாக இருந்தவர்களின் குழு எல்லாவற்றிலும் காலையிலேயே போட்டுவிட்டோம். சந்தோஷத்தில் நான் கேசரி கிண்டினேன்.

கேசரி ஆறுவதற்குள் முதல் போன் வந்தது. பழைய வார்டுத் தோழி. “நாய்ப் பிசினஸ் எப்போ ஆரம்பிச்ச?” என்றாள். எனக்குப் புரியவில்லை. அடுத்து இன்னொருத்தி. “நல்லாருக்கு, ஆனா வயசானவங்களுக்குன்னு போட்டுட்டு எதுக்கு நாய்ப் படம்?”

பிறகுதான் கண்டுபிடித்தேன். தளத்தின் பெயருக்கு முன்னால் www போட்டுத் திறந்தால் எங்கள் பக்கம் வருகிறது. போடாமல் திறந்தால் வீட்டுக்காரர் பக்கம், அதாவது நாய் விடுதி, வந்து நிற்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாசலை மட்டும் சரிபார்த்திருக்கிறோம். ‘உங்கள் அப்பா அம்மாவைப் பற்றிக் கவலையா? எங்களிடம் விடுங்கள்’ என்று வாட்ஸாப்பில் நாங்கள் எழுதியிருக்க, அதன் கீழே தட்டினால், ‘தினமும் இரண்டு வேளை நடைப்பயிற்சி, விசாலமான கூண்டு, குளிப்பாட்டும் வசதி உண்டு’ என்று வருகிறது!

தோழி அழாத குறை. “மானம் போச்சுக்கா. வயசானவங்களக் கேவலப்படுத்திட்டோம்னு நினைப்பாங்க. இனி யாரு நம்மள நம்பி அப்பா அம்மாவ அனுப்புவாங்க?”

நான் அரட்டைப் பெட்டியைத் திறந்து, ‘மனிதர் வேண்டும், மனிதர் வேண்டும்’ என்று தட்டினேன். வந்தார். சொன்னபடி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். பொறுமையாகக் கேட்டு, எந்த இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, சரிசெய்யவும் வைத்தார். ஆனால் இந்த மாற்றம் எல்லா நாடுகளிலும் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகும் என்றார். அதுவரை நாய்கள் அங்கேதான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தீதியிடமிருந்து போன். பேச்சே வரவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். ஆபரேஷன் செய்த கண்ணில் ஏதோ ஆகிவிட்டது என்று நான் பதறிப்போனேன். “என்ன ஆச்சு தீதி?” என்றால் மறுபடி அதே சத்தம். சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

அவருடைய தளத்தில் நாயை விடுகிறவர்கள் நிரப்ப வேண்டிய ஒரு பக்கம் உண்டு. அதை வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் நிரப்பி அனுப்பியிருந்தாள். தீதி அதைப் படித்துக் காட்டினார். செல்லத்தின் பெயர்: அப்பா. வயது: எண்பது தாண்டியாயிற்று. என்ன சாப்பிடும்: இட்லி, சட்னி கெட்டியாக இல்லாவிட்டால் முறைக்கும். மற்றவற்றோடு பழகுமா: பேப்பர் படிக்கும்போது யாரோடும் பழகாது. கடிக்குமா: மாத்திரை கொடுக்கும்போது மட்டும். கடைசியில் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தாள். ‘செவ்வாய்க்கிழமை அப்பாவை இதய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதை உண்மையாகவே கேட்கிறேன். முடியுமா?’

அவள் கொடுத்திருந்த எண்ணுக்கு உடனே பேசினேன். எடுத்ததும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

“ஆன்ட்டி, ப்ளீஸ், நீங்க ஸாரி சொல்லாதீங்க. நான் தில்லியிலதான் பொறந்தேன், என் தமிழ் கொஞ்சம் கச்சா-பக்காவா இருக்கும். அப்பா பாத்ரூம்ல விழுந்ததுலேர்ந்து நான் இங்க அழுதுட்டேதான் இருந்தேன். அம்மா இல்ல. நான் மட்டும்தான். உங்க லிங்க்கை ஓபன் பண்ணினா ஒரே குத்தா, எங்க பாத்தாலும் நாய்! மொதல்ல கோபம் வந்துது. அப்புறம் அந்தக் கேள்வியெல்லாம் படிச்சேன். எல்லாமே எங்க அப்பாவுக்கு பொருந்துது ஆன்ட்டி. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சேன்.”

பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதாள். அழுகையோடு மறுபடி சிரித்தாள். “ஒரு நாய்க்கே என்ன பிடிக்கும், எதுக்குப் பயப்படும்னு இவ்வளவு அக்கறையா கேக்கறாங்களே, அவங்களுக்குத் தெரிஞ்சவங்க அப்பாவை நல்லாத்தான் பாத்துப்பாங்கன்னு தோணிச்சு” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய அப்பாவின் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். மணியை அழுத்தும்போது எனக்கு ஒரே தயக்கம். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் கண்டிப்பானவர் என்று மகள் சொல்லியிருந்தாள். நாய் விஷயம் அவருக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன நினைப்பார்?

கதவு திறந்தது. உயரமான பெரியவர். ஸ்வெட்டர், மப்ளர், கையில் மடித்த பேப்பர். என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவுகூட இல்லை.

“பயப்படாம உள்ள வாங்கம்மா. கடிக்க மாட்டேன். மாத்திரைய மட்டும் நீட்டாதீங்க.”

அந்த வாசலில் நான் சிரித்த மாதிரி எங்கேயும் சிரித்ததில்லை. அவரும் மப்ளரால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். இதய டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர் என்னைக் காட்டி, “மகளா?” என்று கேட்டார். “இல்லை ஜி, என்னைப் பார்த்துக்கொள்ள நாய் விடுதியிலிருந்து வந்திருக்கிறார்கள்” என்று இந்தியில் கம்பீரமாகப் பதில் சொன்னார். இதயத்துக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அதை மகளிடம் போனில் சொல்லும்போது, என்னைவிட அவர்தான் பக்கத்திலிருந்து அதிகம் பேசினார்.

இப்போது எங்களுக்கென்று தனி ஹோஸ்டிங் இருக்கிறது. அதே கம்பெனிதான், அதே மலிவான திட்டம்தான், வருடா வருடம் யோசித்துத்தான் புதுப்பிக்கிறோம். சில நாள் மந்தமாகத்தான் இருக்கும். எங்கள் போன் நம்பரைப் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறோம், அதனால் யாரும் தவித்ததில்லை. தீதிக்கு இரண்டாவது கண்ணும் சரியாகிவிட்டது. என் கணவர் லீவு நாட்களில் எங்கே இருப்பார் என்று நான் தேடுவதேயில்லை, ஜனக்புரியில்தான். நானும் லட்டுவைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டேன், தலையை மட்டும்.

தில்லிக்கு வந்த நாளிலிருந்து தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நான் எடுத்ததேயில்லை. இப்போது எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள், கணவர் திட்டுகிறார். இருந்தாலும் எடுக்கிறேன். முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி, என்னைப் போலவே தயங்கித் தயங்கி எதையோ கேட்பதற்காக அந்தப் பக்கம் காத்திருக்கலாம் என்ற நினைப்பு வந்த பிறகுதான், இத்தனை பெரிய தில்லி எனக்குப் பழகிய ஊராகத் தெரிகிறது.